சொந்த விருப்பத்தின் பேரில்

மருந்துக்கடைக்கு மேல் மாடி. நனைந்த மரப்படி.
எனக்கு முன்னால் நிலம் விற்க வந்த அண்ணன் தம்பி
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
ஒரே குடையின் கீழ் வந்திருக்கிறார்கள்.
கெயோனில் மழை பெய்யாத நாளில்தான்
மழையைப் பற்றிப் பேசுவோம்.

இந்த நாட்டில் வேலையை விடுவதற்கும்
நோட்டரியின் முத்திரை வேண்டும்.

பதினொரு வருடம் சால்மனில் முள் எடுத்தேன்.
கண்ணால் தேடக் கூடாது.
இடது கை விரல் முதலில் போய்ப் பார்க்கும்,
வலது கை இடுக்கி பின்னால் வரும்.
இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
வேலைக்கு வந்த மூன்றாம் நாள்
உந்துராகா சொல்லித் தந்தார்,
கையுறை போடாமல், ஒரு படத்தைக் காட்டி.

அவர் மூன்றாவது மேலாளர்.
முதலாமவரிடம் ஒரு நிறுத்துக் கடிகாரம் இருந்தது.
கழிப்பறைக்குப் போய்த் திரும்பும்வரை
கதவருகே அதோடு நிற்பார்.
அவரைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்,
நேரத்தையாவது சரியாகப் பார்த்தார்.
இரண்டாமவர் அழுவார்.
நஷ்டக் கணக்கை விரித்து வைத்து
எங்கள் முன்னாலேயே அழுவார்.
அந்த வாரம் கூடுதல் நேரத்துக்குக் காசு கேட்க
யாருக்கும் வாய் வராது.

உந்துராகா கத்தமாட்டார். அழமாட்டார்.
'உங்கள் யோசனை எனக்குத் தங்கம்' என்று
சாப்பாட்டு அறையில் ஒரு பெட்டி வைத்தார்.
தங்கம் என்றாரே என்று
சம்பளச் சீட்டின் பின்புறம் வரைந்து போட்டேன்:
நான்காம் மேசைக்குக் கீழே தண்ணீர் தேங்குகிறது,
தரையின் சரிவை இரண்டு விரல் மாற்றினால்
தானாக வடிகாலுக்குப் போய்விடும்.

நான்கு மாதம் கழித்துச் சுவரில் பெரிய திரை.
என் கோடு.
என் அம்புக்குறி.
அடியில் அவர் பெயர்.
போகட்டும், கால் காய்ந்தால் போதும் என்றிருந்தேன்.
மனிதர் படத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.
சிமென்ட் காய்ந்த மறுநாள்
மொத்தத் தண்ணீரும் எங்கள் பக்கம் வந்தது.
முன்பு பூட்ஸின் அடிப்பாகம் நனையும்,
இப்போது பாதி பூட்ஸ் தண்ணீரில்.
பக்கத்து இடத்து ரோசல்பா சிரித்தாள்,
சிரிப்பு இருமலாகி அரைமணி நேரம் நிற்கவில்லை.

போய்ச் சொன்னேன்.
'எதிர்மறையாகப் பேசாதீர்கள், ஒலிவியா' என்றார்.

என் பெயர் ஒதிலியா.

கம்பெனியே கடிதம் அடித்துக் கொடுத்தது, கையெழுத்து மட்டும் பாக்கி.
'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று அச்சாகியிருந்தது.
அதற்குப் பிறகு உடனே தேதி.
காரணத்துக்கு ஒரு விரற்கடை இடம்கூட இல்லை.
நேற்று உடைமாற்றும் அறையில் ரோசல்பா
'நான்காம் மேசைக்கு இனி யார்?' என்று மட்டும் கேட்டாள்.
நான் பூட்ஸைக் கவிழ்த்து வைத்தேன். பதில் சொல்லவில்லை.

குமாஸ்தாப் பெண் அடையாள அட்டையைப் பார்க்கிறாள்,
கடிதத்தைப் பார்க்கிறாள்.
'இந்த ஒலிவியா யார்?'
'அந்தத் தண்ணீரில் நிற்பவள்' என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
'மேலாளரிடம் போய்த் திருத்தி வாங்கி வாருங்கள்.
இல்லையென்றால்
நீங்களே கைப்பட எழுதிக் கொடுங்கள், அதுவும் செல்லும்.'

வெள்ளைத் தாள் ஒன்று தந்தாள்.
முழுத் தாள்.

என் பெயரை எழுதினேன்.
போகிறேன் என்று எழுதினேன்.
விருப்பம் என்ற சொல்லைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
எழுதாமல் விட்டேன்.
மிச்ச இடத்தில் எழுதினேன்:
நான்காம் மேசைக்குக் கீழே சரிவு தவறு.
படத்தைத் திருப்பிப் பிடிக்கவும்.

கட்டைவிரல் ரேகை சரியாக விழவில்லை.
பதினொரு வருட உப்பும் பனிக்கட்டியும்
ரேகையைத் தேய்த்துவிட்டிருந்தன.
குமாஸ்தா என் விரலைத் துடைத்து, மையில் தொட்டு,
மூன்றாம் முறை தன் கையாலேயே அழுத்தினாள்.
பிறகு கடிதத்தை ஒருமுறை படித்தாள்.
'என் சித்தியும் அங்கேதான்' என்று மெல்லச் சொல்லிவிட்டு
முத்திரையை எடுத்தாள்.

கீழே இறங்கும்போது
அண்ணன் தம்பி படியிலேயே நின்றிருந்தார்கள்,
குடையை யார் எடுத்துப் போவது என்று.