அடையாளம்: இடது முழங்கையில் தழும்பு

உம்லாங்கா. இந்தக் கோயிலுக்குள் எனக்கு இடமில்லை.
மார்மன் சபையில் சேராதவர்கள்
வெளியே இருக்கலாம், புல்லை மிதிக்காமல்.
காரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.
கடற்காற்று கண்ணாடியில் உப்புப் பூசுகிறது.

உள்ளே என் தம்பி பூபாலன்,
ஃபீனிக்ஸில் ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பவன்,
வெள்ளை உடுத்தி இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பான்.
பன்னிரண்டு எருதுகள் முதுகில் தாங்கும் தொட்டியாம்.
புல் தின்னுமா என்று கேட்டேன்.
இரண்டு நாள் பேசவில்லை.

செத்தவருக்குப் பதிலாக உயிரோடிருப்பவர் முங்குவது.
ஒரு பெயர், ஒரு முழுக்கு.
கரும்புக்கு ஆள் ஏற்றிய கப்பல்களின் பட்டியலில்
மூன்று வருடம் ராத்திரி ராத்திரியாகத் தேடி
தாத்தாவின் தகப்பனைப் பிடித்துவிட்டான்:

எண் 71206. மாரிக்கண்ணு. தகப்பன் சடையன்.
வட ஆற்காடு ஜில்லா. வயது 22.
ஐந்தடி மூன்றங்குலம்.
இடது முழங்கையில் தழும்பு.

"அப்பா சொல்வாரே அக்கா, அதே தழும்பு!"
குரல் உடைந்திருந்தது. அப்போதே நான் சொல்லியிருக்கலாம்.

சாட்ஸ்வர்த் ஆஸ்பத்திரியில், போவதற்கு முதல் நாள்,
ரேணுகா அத்தை முகமூடியை ஒதுக்கிவிட்டுச் சொன்னது:
மாரிக்கண்ணு கப்பலே ஏறவில்லை.
மெட்ராஸ் டிப்போவில் பேதி கண்டு போய்விட்டான்.
சீட்டு எழுதியாகிவிட்டது, தலைக்கு இவ்வளவு என்று
தரகன் காசும் வாங்கியாகிவிட்டது.
வாசலில் கஞ்சிக்கு நின்ற ஒருவனை உள்ளே இழுத்து
இன்றையிலிருந்து நீதான் மாரிக்கண்ணு என்றார்கள்.

தழும்பு?

கரண்டிக் காம்பைக் காய்ச்சி வைத்தார்கள்.

அந்த ஒருவன்தான் நாம்.
அவருடைய சொந்தப் பெயரை
ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தார்.
அவளோ புருஷன் பெயரைச் சொல்லாத பெண்.
"இந்தாங்க" என்றும் "உங்க அய்யா" என்றும்
நாற்பது வருடம் கூப்பிட்டுவிட்டு
மவுண்ட் எட்ஜ்கம்ப் மண்ணுக்குள்
வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

ஆக, பூபாலா,
இன்றைக்கு உன் தலைக்கு மேல் தண்ணீர் மூடும்போது
அவர்கள் கூப்பிடுவது
கரும்பு ஒன்றுகூட வெட்டாதவனை.
பிள்ளை இல்லை. பெண்டாட்டி இல்லை.
எள்ளும் தண்ணீரும் இறைக்க ஒரு கை இல்லை.
டிப்போ மதிலுக்குப் பின்னால்
சுண்ணாம்பு தூவி மூடிய குழியில் கிடப்பவன்
நூற்றிருபது வருடம் கழித்து, கடல் கடந்து,
தன் பெயர் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறான்.

செத்தவர்கள் வேண்டாமென்றும் சொல்லலாம்,
வற்புறுத்தல் கிடையாது என்றாய்.
அவன் என்ன சொல்வானோ.
ஏற்கெனவே ஒருவன் அவன் பெயரில் வாழ்ந்து முடித்தான்.
இப்போது ஒருவன் அவன் பெயரில் நனைகிறான்.
இரண்டுக்கும் அவனைக் கேட்கவில்லை.

நம்மவர் கதைதான் எனக்குப் புரியவில்லை.
பெயர் இருந்தால்தான் கதவு திறக்கும் என்றால்
அவர் எங்கே நிற்கிறார்?
இருந்தாலும் பயப்பட மாட்டார்.
யார் பெயரை வாசித்தாலும்
பதில் வராத இடத்தில்
"இருக்கேன்" என்று முன்னால் வருவார்.
இந்த ஊருக்கே அப்படித்தானே வந்தார்.

பூபாலன் வருகிறான். தலை ஈரம், முகமெல்லாம் சிரிப்பு.
கதவைச் சாத்தும் முன்பே சொல்கிறான்:
"முதல் தடவை சரியா முங்கல அக்கா.
ஒரு முழங்கை தண்ணிக்கு மேலயே நின்னுடுச்சாம்.
திரும்ப முங்க வச்சாங்க."

"பெயரையும் திரும்பச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. ரெண்டு தடவை."

எந்த முழங்கை என்று நான் கேட்கவில்லை.
பசிக்குது என்றான்.
பீன்ஸ் பன்னி சௌ வாங்க
வண்டியைத் திருப்பினேன்.