மேசைச் சட்டம், நாலாம் திருத்தம்

ஏகாம்பரம் வீதி, போன் திருத்தும் கடைக்கு மேல்மாடி.
வெள்ளி இரவு. காற்றாடி ஒரு பக்கம் மட்டும் திரும்பும்.
சீ.ஆர். கொப்பியில் நான் எழுதிய சட்டம்
மூன்று முறை வெட்டுப்பட்டு
இப்போது பச்சைப் பேனையில்.

முதலில் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடிதான்.
குள்ளனுக்கு உடல்வலு இரண்டு கூட,
எல்ஃபுக்குக் கூர்ங்கண்,
ஓர்க் என்றால் புத்தியில் இரண்டு குறைவு.
தாளை மளமளவென்று நிரப்பிக்கொண்டு போன றிஃப்கான்
'இனம்' என்ற பெட்டியில் பேனையை நிறுத்தினான்.
"மச்சான், இதையும் மூன்று பிரதி குடுக்கோணுமா?"
சிரித்தோம். பிறகு அந்தச் சிரிப்பு
ஆறின தேத்தண்ணியில் ஆடை மாதிரி நின்றது.

இமேஷா கேட்டது வேறு.
"அரை எல்ஃப், அரை ஓர்க் எண்டு போட்டிருக்கு.
மற்றப் பாதியை எங்க வைக்கிறது?
அப்பா கந்தளாய், அம்மா உப்புவெளி.
நான் முழுசாத்தான் சாப்பிடுறன்."
ஒருத்தரும் பகடையைத் தொடவில்லை.
கீழே ஷட்டர் இழுபடும் சத்தம்.

வெட்டினேன். இனத்துக்குப் பதிலாக,
எந்தத் தண்ணீரில் வளர்ந்தாய்?
கிணறா, குளமா, வந்தால் குழாயா?
யூட் உடனே தன் குள்ளனுக்குக்
கடல் என்று எழுதி
மூச்சடக்கலில் மூன்று கேட்டான்.
பேராசை. இரண்டு கொடுத்தேன்.

படியேற்றத்தில்தான் மெய்யான சண்டை.
வேதாளத்துக்கு நூறு, டிராகனுக்கு ஆயிரம்,
வெட்டி வெட்டியே ஐந்து வாரத்தில்
றிஃப்கான் எட்டாம் படி.
பாலத்துப் பூதத்தோடு விடியுமட்டும் பேரம் பேசி
எல்லாரையும் அக்கரை சேர்த்த யூட்டின் குள்ளன்
இன்னும் முதற்படி.
"செத்ததை எண்ணுறாய்.
கடந்ததை எண்ண மாட்டியா?"
கேட்டுவிட்டு வடையைக் கடித்தான்,
உறைப்புக் காணுமா என்று கேட்டவன் போல.

கிண்ணியாவுக்குப் பாலம் வரமுன்
பாதை வருமட்டும் வெயிலில் வரிசையில் நின்ற பிள்ளை நான்.
எழுதினேன்:
கரை சேர்த்த ஒவ்வொரு தலைக்கும் இருபது.
கொன்றால் பூச்சியம். புதைத்தால் ஐந்து.
"பேர் தெரிஞ்சு புதைச்சால்?" என்றாள் இமேஷா.
பத்து.

நாலாம் திருத்தம் இன்றிரவு.
றிஃப்கான் எறிந்த இருபதுமுகப் பகடை
மேசை தாண்டி, கதிரை தாண்டி,
படிக்கட்டில் தட்டித் தட்டித்
தெருவுக்கே போய்விட்டது.
போன் வெளிச்சத்தோடு நாலு பேரும் இறங்கினோம்.
மூடிய கடை வாசலில் ஒரு புள்ளிமான்,
கிழிந்த லொத்தர்ச் சீட்டை மென்றபடி
குனிந்து பகடையை மோந்துகொண்டிருந்தது.

"இருபது!" றிஃப்கான் கத்தினான்.
"மூக்கால தட்டினது. முதல் ரெண்டுதான், நான் கண்டனான்," யூட்.
இமேஷா மானைப் படம் எடுத்தாள், பகடையை அல்ல.
அது எங்கள் நாலு முகத்தையும் ஒரே மாதிரிப் பார்த்துவிட்டுக்
கோட்டைப் பக்கம் நடந்தது.

கொப்பியைத் தொடையில் வைத்து எழுதிக்கொண்டேன்:
மேசைக்கு வெளியே விழுந்தது செல்லாது,
மான் தொட்டால் தவிர.