சான்றுப் பொருள் ஏழு

மல்லியப்புச் சந்தியில் பஸ்ஸை மறித்து
எல்லோரையும் இறக்கினார்கள்.
பையில் என்ன?
பாண், கட்டச்சம்பல்,
முத்திரை அடித்து வெடித்த விரலுக்குப் பூச
ஒரு களிம்பு, ஒரு புத்தகம்.

பாணை முகர்ந்தான் சிப்பாய்.
களிம்பைத் திறந்து மூடினான்.
புத்தகத்தைத் திறந்ததும்
மேலதிகாரியைக் கூப்பிட்டான்.

உலகப் போரின் உளவாளிகளைப் பற்றியது.
அட்டையில் நீர்மூழ்கிக் கப்பல், வால் கிழிந்து.
கதையல்ல, அத்தனையும் நடந்தது என்று
முன்னுரையில் சத்தியம் செய்திருந்தான் எழுதியவன்.
அந்தச் சத்தியத்துக்காகத்தான் வாங்கினேன்.
கொட்டகலைத் தபால் கந்தோரில்
பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிஷம்
இல்லாத பட்டாளத்துக்கு ரொட்டி கேட்டுத்
தந்தியடித்தவனோடு இருப்பேன்.
பேராதனைப் பூந்தோட்டத்தில்
தளபதிகள் வந்திறங்கிய அத்தியாயத்தை
மூன்று முறை வாசித்தேன்,
தெரிந்த மரம் ஏதாவது வருமா என்று.

எனக்கு இங்கிலீஷ் பாதிதான்.
விளங்காத சொல்லுக்குக் கீழே
பென்சிலால் ஒரு கோடு,
அகராதி கிடைக்கும் நாளில் பார்க்க.

"இந்தக் கோடெல்லாம் யாருக்கு?"
"எனக்கு, சேர்."
"நீ யாருக்கு?"

இந்தக் கேள்விக்குப்
பிரஜாவுரிமை அட்டை கைக்கு வரும்வரை
ஐம்பத்திரண்டு வயது காத்திருந்த என் அப்பாவிடமே
விடை இருந்ததில்லை.
பேசாமல் நின்றேன்.
பேசாமல் நின்றதையும் எழுதிக்கொண்டார்கள்.

செல்போன் ஒன்று. டோர்ச் இரண்டு.
புத்தகம் ஏழு.
பதினான்கு மாதம்.
பிறகு ஒரு நாள்
லோகிதாசன் என்ற என்னை
லோகநாதன் என்று எழுதிய கடிதம் ஒன்று
வெளியே விட்டது.

பதினோரு வருஷம் கழித்து
ஹட்டன் நடைபாதையில்
புலமைப்பரிசில் வினாத்தாள்களுக்கும்
கேக் ஐசிங் புத்தகத்துக்கும் நடுவே
அந்த வால் கிழிந்த கப்பல்.
முதுகில் ஒட்டிய ஏழு
பாதி உரிந்து ஒன்றாகியிருந்தது.
நூற்றைம்பது என்றான்.
என் புத்தகத்துக்கு நானே பேரம் பேசி
நூற்றிருபதுக்கு வாங்கினேன்.

உள்ளே, நான்காய் மடித்த ஒரு தாள்.
நான் கோடிட்ட சொற்கள், நான் கோடிட்ட வரிசையில்,
நாற்பத்து மூன்று.
ஒவ்வொன்றுக்கும் எதிரே சிங்களத்தில் பொருள்,
அதற்கு அடுத்ததாய்
சாய்ந்த கையெழுத்தில் தமிழ்.
எஸ்சுவரி: கழிமுகம்.
ஹிதர்ட்டு: இதுவரை.
ஃபெரெட்: கீரி மாதிரி ஒன்று.
ரெடிசென்ட் என்பதற்கு
கூச்சமுள்ளவன் என்று எழுதி வெட்டி
ஊமை என்று எழுதி வெட்டி
அதிகம் பேசாதவன் என்று முடித்திருந்தது.
யாரோ, மின்விசிறி இல்லாத ஓர் அறையில்,
எனக்காக அகராதி பார்த்திருக்கிறார்.

ஓரத்தில் முதலெழுத்துகளைக் கோத்திருந்தார்கள்.
கடைசி எழுத்துகளையும்.
தலைகீழாகவும் ஒருமுறை.
அடியில் சிவப்பு மையில்:
செய்தி எதுவும் இல்லை.
ஒப்பம். திகதி.

திகதியை விரல்விட்டு எண்ணினேன்.
நான் பிடிபட்ட பத்தொன்பதாம் நாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது.
மழை கண்ணாடியில் சரிந்து இறங்கியது.
மல்லியப்புச் சந்தியில் இப்போது
போனுக்குக் கவர் விற்கிறார்கள்; யாரும் மறிக்கவில்லை.
நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தின் மூலை
நான் மடித்தபடியே இருந்தது.
ரொட்டி கேட்டவன்
இன்னும் பிடிபடாமல்
ஒரு ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தான்.
அடுத்த பக்கத்தில், நான்காவது வரியில்,
விளங்காத சொல் ஒன்று.

சட்டைப்பையைத் தடவினேன். பென்சில் இருந்தது.
நாற்பத்து நான்கு.
வளைவில் பஸ் திரும்பியதில்
கோடு மட்டும் நேராக வரவில்லை.