அரசூர், இரவு ஷிப்ட்

பீக் அவர் கழிந்து
பத்து மணிக்குத்தான் உலை போடுவார்கள்.
செப்புச் சுருளில் மின்சாரம் ஏற
உள்ளே காந்தம் எழும்.
துடுப்பில்லாமல் உருகிய இரும்பு
தன்னைத்தானே துழாவிக்கொள்ளும்.

சென்னியப்பன் கொண்டுவரும் மாதிரிக் காசில்
சாணை பிடித்த சூடு இன்னும் இருக்கும்.
ஆர்கானைத் திறந்து ஒரு பொறி.
கார்பன் மூன்று புள்ளி நாலு, சிலிக்கான் இரண்டு,
குரோமியம் ஒரு இம்மி தூக்கல்.
"ஊத்தலாமுங்களா அம்மிணி?"
ஊத்துங்க.

அடுத்த காசு வர முக்கால் மணி நேரம்.
அதுவரை லேப்டாப்பில் என் நட்சத்திரம்.

எந்தத் தொலைநோக்கியிலும் அது வெறும் புள்ளி.
ஐந்தரை நாளுக்கொரு சுற்று.
நிறமாலையில் குரோமியத்தின் கோடு ஒரு பள்ளம்,
பள்ளத்துக்குள் இன்னொரு சின்னக் குழி
நீலக் கரையில் இறங்கி
நாள் நாளாய் நகர்ந்து
சிவப்புக் கரையில் ஏறிப் போய்விடும்.
பைபாஸில் பஸ்ஸைப் பார்க்காமலே
ஹாரனை வைத்து
வருகிறதா போகிறதா என்று சொல்வோமே,
அப்படித்தான் அந்தத் திட்டை வரைந்தேன்.
வட துருவத்தில் யூரோப்பியம் அப்பிக் கிடக்கிறது.
ஆக்சிஜன், இடுப்பில் அரைஞாண் மாதிரி.

அங்கே காந்தம் துழாவுவதில்லை.
பிடித்து நிறுத்துகிறது.
அசையாத அந்த ஆவியில்
ஒளி மேலே தள்ள, எடை கீழே இழுக்க,
அவரவர் இடத்தை அணுக்கள் அடைய
எத்தனை லட்சம் வருடமோ.

ஒரே குழிக்கு நூறு வரைபடம் பொருந்தும்.
அதில் குறைவாய்க் கதை விடுவதை எடுத்துக்கொள்வேன்.
சாய்ந்து சுற்றுவதால்
தெற்கே ஒரு பகுதி என்றைக்கும் தெரியாது.
அதைச் சாம்பல் நிறத்திலேயே விட்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு பம்ப் உறை திரும்பி வந்தது.
கடைசலில் உளி முறிந்ததாம், உள்ளே கல் மாதிரி ஓரிடம்.
காசில் ஒரே ஒரு பொட்டுக் கருகலைப் பார்த்து
ஐந்நூறு கிலோவுக்குக் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

சென்னியப்பன் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறார்.
"இதென்னங், நம்ம காஸ்டிங்குங்களா?"
நட்சத்திரமுங்க.
கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.
"கலக்காம ஊத்துனாப்ல இருக்குதுங்."

முந்நூறு பக்க ஆய்வேட்டில்
இவ்வளவு சுருக்கமாய் நான் சொல்லவில்லை.

"இந்தச் சாம்பல்?"
தெரியலீங்க.
சரி என்பதுபோல் தலையாட்டி
காசை வைத்துவிட்டுப் போனார்.

திருப்பித் திருப்பி வைத்து
மூன்று இடத்தில் பொறி விட்டேன்.
மூன்றாவது ஒத்துவரவில்லை.
உலையை நிறுத்தி வைக்கச் சொல்லி
செட்டுக்கு ஓடினேன்.