வெள்ளிக்கிழமை விடுமுறை

மீட்டர் போடாத மூன்று ஆட்டோக்களில்
மும்மூன்று பேராய் வந்து இறங்கினார்கள்.
"பாண்டியன் ரோடுன்னாங்க சார்,
எந்தப் பாண்டியன்னு தெரியாம சுத்திட்டேன்."
பாண்டியன் இல்லை, பாந்தியன்.
எல்லாத் தெய்வத்துக்கும் ஒரே வீடு என்று
அவர்கள் ஊரில் அர்த்தமாம்.
எழும்பூரில் அது ஒருவழிப் பாதை.

வெள்ளிக்கிழமை நான்தான் வாட்ச்மேன்.
மற்ற நாளில் கைப்பைக்கு டோக்கன் கொடுப்பவன்.
பூட்டிய கேட்டுக்குப் பின்னால் நின்று
லீவு என்றேன்.
"எங்கள் பேர் வைத்த வீட்டுக்கா?" என்றாள்
கையில் சுருளேடு வைத்திருந்தவள்.
மியூஸ்கள் இருக்குமிடம்தான் மியூசியமாம்.
பழைய மெட்ராஸ்காரங்க இதை
செத்த காலேஜ் என்பாங்கம்மா,
மிருகங்கள் இருந்தது உயிர் காலேஜ்.
அவள் உடனே எழுதிக்கொண்டாள்.

பதிவேட்டுக்குப் பெயர் கேட்டேன்.
"தாலியா" என்றாள் முகமூடிக்காரி.
கழுத்தைப் பார்த்தேன்.
"இல்லையேம்மா. பேரைச் சொல்லுங்க."
எல்லோரும் சிரித்தார்கள்,
அழுமூஞ்சி முகமூடி வைத்திருந்த அக்காளும்.

தகப்பன் பெயர்?
இடி எறிபவர், என்றார்கள் சலிப்பாக.
தாய்?
நினைவு.
வெறும் நினைவா, இனிஷியல் கிடையாதா?
உதட்டில் விரல் வைத்திருந்தவள்
அப்போதும் விரலை எடுக்கவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்றார்கள்.
திமிங்கல எலும்பு,
மூக்கு போன கல் ஆட்கள்,
கண்ணாடிக்குள் ஆடும் வெண்கலச் சாமி.
"ஆடுகிறாரா?" என்றாள் கால் சும்மா இராதவள்.
நிக்கிறாரு. ஆனா ஆடுற மாதிரி.
செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு
கம்பி வழியாக நெடுநேரம் பார்த்தாள்,
கட்டடம் மறைப்பது தெரிந்தும்.

ஆறே முக்காலுக்குக் கரண்ட் போனது.
ஸ்டேஷனில் ரயில் ஒன்று ஊத,
குழல்காரி அதே சுரத்தைப் பிடித்துத்
திருப்பிக் கொடுத்தாள்.
வானம் படித்தவள் ஒரு விமானத்தை
நட்சத்திரமென எண்ணி
உதட்டைக் கடித்துக்கொண்டாள்.
மேற்கே ஒன்றே ஒன்று நின்றது.
வெள்ளி, என்றேன்.
"கிழமையா, கோளா?"
இரண்டுந்தான்.
அதற்குமேல் எனக்கு வானம் தெரியாது.

நாளைக்கு ஒன்பதரைக்கு வாங்க.

சனிக்கிழமை ஆவடியிலிருந்து நான்கு பள்ளிக்கூட வேன்.
டோக்கன் தீர்ந்து சீட்டுக் கிழித்து எழுதினேன்.
யாரையும் தேட நேரமில்லை.
சாயங்காலம் பதிவேட்டைப் புரட்டிய
சூப்பர்வைசர் தஸ்தகீர்
தாயார் பெயர்க் கட்டத்தில் விரல் வைத்து
"என்னய்யா எழுதியிருக்க?" என்றார்.
என் கையெழுத்துதான்.
உற்று உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னேன்,
ஞாபகம் இல்லை சார்.