நீல வால்

நாகலூரில் விடியுமுன் கிளம்பினால்,
தொப்பூர் கணவாயில் லாரி எதுவும் கவிழாதிருந்தால்
பதினொன்றுக்குள் பெங்களூரு விமான நிலையம்.
பச்சமுத்து ஓட்டுவான். பின்சீட்டில் நான்,
மடியில் காபிக்கொட்டை மாதிரிப் பைகள்.
ஒன்பது வருடம், வருடத்துக்கு இரண்டு தடவை,
எப்போதும் நீல வால்தான்.
மாடு வாங்குகிறவர் சுழி பார்ப்பதுபோல
வாலின் நிறம் பார்த்து ஏறினேன்.

முதல் பயணத்தில் டோர்த்தே என்று ஒரு பணிப்பெண்.
கருங்கடலுக்கு மேலே எங்கேயோ,
எல்லோரும் தூங்கும் நேரம்,
என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து
"உங்கள் கால் வீங்கியிருக்கிறது" என்றாள்.
ஒரு தலையணையை மடித்துக் காலடியில் வைத்தாள்.
அவ்வளவுதான்.
அந்தத் தலையணைக்குத்தான்
ஒன்பது வருடம் பணம் கட்டினேன்.

தங்க அட்டை வந்தது.
ரெஜினா சூசைநாதன் அதில்
'ரெஜினா சூசைநா' என்று ஒடிந்து நின்றாள்.
போகட்டும். பெரிய கம்பெனி, சின்ன அட்டை.

கெட்டது எப்போது என்று சொல்லத் தெரியவில்லை.
அக்டோபரில் சூடான ரொட்டி, பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்.
மார்ச்சில் அதே எண், அதே வழி,
சாயாத இருக்கை, கறுத்துப்போன திரை.
தவக்காலமென்று சைவம் கேட்டிருந்தேன்.
கோழி வந்தது.
ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்கள்.
இங்கே ஒரே கண்.
போகும்போது வெண்ணெய், வரும்போது சுண்ணாம்பு.
எப்போதும் சுண்ணாம்பென்றால்
கண்ணை மூடிக்கொண்டாவது போயிருப்பேன்.

நீளமாக ஒரு கடிதம் எழுதினேன்.
டோர்த்தேயைச் சேர்த்து, அடித்து, மறுபடி சேர்த்து.
ஏற்காட்டுப் பாதையில் பதினான்காவது வளைவில்
செல்போனுக்கு உயிர் வரும். அங்கே பதில் வந்தது:
'உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்.
நல்லெண்ணத்தின் அடையாளமாக ஐயாயிரம் மைல்கள்.'
அதாவது, அதே இருக்கையில்
இன்னும் ஐயாயிரம் மைல் உட்கார வேண்டும்.
"ஆள மாத்திருங்கக்கா" என்றான் பச்சமுத்து
ஹாரனிலிருந்து கையை எடுக்காமல்.

மாற்றினேன். பச்சை வால்.
பாலைவன ஊரொன்றில் நாலு மணி நேரம் காத்திருப்பு.
அங்கே நான் யாருமில்லை, வரிசையின் கடைசி.
முதல் தடவை வெந்நீர்த் துண்டு, ஜன்னல், சிரிப்பு.
அடுத்த தடவை
என் பெட்டி எனக்கு இரண்டு நாள் பிந்தி வந்தது.
கோபமே வரவில்லை.
நம்பாதவர் மேல் எதை வைத்துக் கோபப்படுவது?

டிசம்பரில் மழை விடவில்லை.
மாதிரிக் கொட்டையை நானே மேசையில் காயவைத்தேன்,
கையால் புரட்டி, கறுப்பு பொறுக்கி.
மூட்டைகள் வேறு கதை.
கப்பல் தேதி நெருக்க, தார்ப்பாயில் தடிமனாகக் கொட்டி
ஈரம் பதின்மூன்றில் நிற்கும்போதே தைத்து அனுப்பினோம்.
கொட்டை கொட்டைதானே.

நேற்று, அதே பதினான்காவது வளைவு.
ஆறு வருடமாக என் கொட்டையை வறுக்கும்
ஹாம்பர்க் டெட்லெஃப் எழுதியிருந்தார்:
'மாதிரி அருமை. மூட்டை வேறொன்று.
போன வருடம் அப்படி, அதற்கு முன் அற்புதம்.
எதை எதிர்பார்ப்பதென்று தெரியவில்லை.
இம்முறை குடகில் ஒருவரைப் பார்க்கிறோம்.'
கோபமாக ஒரு சொல் இல்லை.
அதுதான் வயிற்றைப் பிசைந்தது.

வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன்.
கீழே சேலம் விளக்குப் போடத் தொடங்கியிருந்தது.
தட்டினேன்:
'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.
நல்லெண்ணத்தின் அடையாளமாக
அடுத்த லாட்டில் ஐந்து சதவீத...'

"குரங்கு வருதுக்கா, கண்ணாடிய ஏத்துங்க."

ஏற்றினேன். எழுதியதை அழித்தேன்.
'ஈரம் பதின்மூன்று. தெரிந்துதான் தைத்தேன்'
என்று அமுக்கும்போது வண்டி நகர்ந்துவிட்டது.
பதினைந்தாவது வளைவு.
அனுப்பப்படுகிறது என்ற வட்டம்
சுற்றிக்கொண்டே மேலே வந்தது என்னோடு.