ஏழு விநாடித் தாமதம்

அஜ்மானில் நாங்கள் பேசுவது
ஏழு விநாடி கழித்துத்தான் வெளியே கேட்கும்.
அந்த ஏழு விநாடிக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

பதவி: ஒலிபரப்பு இணக்க அலுவலர்.
விசாவில் 'ஆவணக் காப்பாளர்' என்றிருக்கிறது.
மேசையில் ஒரு சிவப்புப் பொத்தான்,
ஆறிப்போன சுலைமானி,
உரிமம் கட்டிய பாட்டுகளின் பட்டியல்,
கட்டாதவற்றின் நீளமான பட்டியல்.

காலையில் விளம்பரங்கள் வரும்.
'மூட்டுவலிக்கு நூறு விழுக்காடு குணம்'
என்பதில் நூறை அடிப்பேன்,
விழுக்காட்டை அடிப்பேன்,
குணத்தை அடித்த பிறகு
வலியும் தைலமும்தான் மிச்சம்.
அதையும் ஷஹர்பான்
சிரித்துக்கொண்டே வாசித்துவிடுவாள்.

ஒரு வியாழன் இரவு, நேயர் நேரம்.
ஜுர்ஃப் பக்கம் ஏதோ கேம்ப்பிலிருந்து ஒருவர்.
தவசிக்கனி என்றார்.
பின்னால் யாரோ சட்டி கழுவினார்கள்.
என்ன பாட்டு வேணும் அண்ணே?
பாட்டு கெடக்கட்டும்மா,
அஞ்சு மாசமாச் சம்பளம் இல்ல,
எங்க கம்பெனி பேரு

கை போய்விட்டது.
என்னைவிட என் விரலுக்குச் சட்டம் அத்துப்படி.
'உண்மையா என்று பிறகு கேட்பார்கள்,
பெயர் வந்ததா என்றுதான் முதலில் கேட்பார்கள்'
வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்
எங்கள் வக்கீல், சூடான்காரர், உஸ்தாத் பக்ரி.

மூன்று தடவை சொன்னார் மனிதர்.
மூன்று தடவையும் கீ.
அவருடைய இருமல் போயிற்று,
அஞ்சு மாசம் போயிற்று,
'புள்ளைக்குப் பீஸ் கட்டணும்' போயிற்று,
பெயர் மட்டும் போகவில்லை.

(இதிலும் அந்தப் பெயர் வராது.
படித்துப் பார்த்து நானே
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.)

வெட்டாத பதிவு என் இழுப்பறையில் இருக்கிறது,
எண்ணிட்டு, தேதியிட்டு, பூட்டி.
யாராவது கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது விதி.
யாரும் கேட்கவில்லை.
ஒரு நாள் எல்லோரும் போன பிறகு
காதில் மாட்டிக் கேட்டேன்.
எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார்,
எழுத்து எழுத்தாக,
எழுதிக்கொள்பவர்களுக்குச் சொல்வதுபோல.

பிறகு எங்கள் ஓட்டுநர் சொன்னார்:
ஜுர்ஃபில் இப்போது அதற்கு அதுதான் பெயராம்.
'கீ கம்பெனி பஸ் வந்துருச்சு, ஏறு ஏறு.'
'நீ கீயிலயா வேலை? அய்யோ பாவம்.'

பத்தாம் நாள் நோட்டீஸ்,
அரபியில் நான்கு பக்கம்.
எங்கள் நிலையம் எழுப்பிய ஓசையால்
அவர்கள் கட்சிக்காரரின் நற்பெயர் கெட்டதாம்.
ஒவ்வொரு கீக்கும் தனித்தனியே நட்டஈடு.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.
என் விசா, அறை வாடகை,
கிரெடிட் கார்டில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டி,
எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

உஸ்தாத் பக்ரி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.
அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.
பதில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன்:
'எங்கள் கட்சிக்காரர் ஒலிபரப்பியது
ஒன்றேமுக்கால் விநாடி நீளமுள்ள ஓர் ஓசை.
அது தம்மையே குறிக்கிறது என்று
தங்கள் கட்சிக்காரர் எதனால் அறிந்தார் என்பதை
எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறோம்.'

பதில் வரவில்லை.

இரண்டு மாதச் சம்பளம் வந்ததாக ஒரு பேச்சு.
பேசியவரை வேறு கேம்ப்புக்கு மாற்றியதாக இன்னொரு பேச்சு.
எது மெய் என்று விசாரிப்பது
என் பணி விவரத்தில் இல்லை.
அதை எடுத்து ஒருமுறை
உண்மையிலேயே படித்துப் பார்த்தேன்.
இல்லை.

நேற்று மறுபடி அந்த இருமல்.
விரல் தானாகப் பொத்தானுக்குப் போயிற்று.
'பயப்படாதீங்கம்மா, இன்னைக்குப் பாட்டுத்தான்.
மக ஊர்ல போன் வழியாக் கேட்டுக்கிட்டிருக்கா,
பெரிய மனுசி ஆயிட்டா' என்று
பாட்டின் முதல் வரியைத்
தாளமில்லாமல் பாடியே காட்டினார்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து
ஷஹர்பான் என்னைப் பார்க்கிறாள்.
நான் பட்டியலைப் பார்க்கிறேன்.
அந்தப் பாட்டின் உரிமம்
முப்பதாம் தேதியோடு முடிந்திருக்கிறது.

தேதி இரண்டு.